நோயாளியின் கைக்கு எந்தச் செபமாலை? குமரி மாவட்டக் கடைகளில் கிடைப்பவை பற்றி

மருத்துவமனையில் கிடப்பவருக்கோ, வீட்டில் நாள்பட்ட நோயோடு இருப்பவருக்கோ செபமாலை வாங்கப் போகிறீர்கள் என்றால், நைலான் நூலில் முடிச்சுப் போட்டுச் செய்ததை வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் நூலில் கோத்த பிளாஸ்டிக் மாலை போதும். ஆனால் மணி 8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கண்ணாடி, சிப்பி, வாசனை மரம் மூன்றையும் நோயாளிக்கு வாங்க வேண்டாம். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டோம். பலர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவசரமாகக் கடையில் நின்றுகொண்டுதான் இதை யோசிப்பார்கள்.

நம் மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்க வீட்டில் பெரிய நோய் வந்தால், அன்பியத்துக்காரர்கள், அதாவது பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழுவினர், வந்து கூடுவார்கள். உறவுக்காரர்கள் ஆளுக்கொரு செபமாலையோடு வருவார்கள். பாசத்தில் கடையில் இருப்பதிலேயே அழகானதைத்தான் எடுத்து வருவார்கள். அது தலையணைக்கு அடியில் போய்விடும், கைக்கு வராது. வலி ஏறும்போது மனம் செபத்தில் நிற்பதில்லை. ஊசி போட்ட மயக்கத்தில் சிறிய மணிக்கு ஒன்றாக மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரத்தில் இது ஐந்தாவதா ஏழாவதா என்று தெரியாது. அந்த நேரத்தில் கணக்கை விரல் பார்த்துக்கொள்ள வேண்டும். விரல் பார்த்துக்கொண்டால் வாய் தன்னால் ஆனதைச் சொல்லும். ஒன்றும் சொல்ல முடியாத இரவுகளில் மணியை நகர்த்துவது மட்டுமே மன்றாட்டு, அதுவும் முழு மன்றாட்டுதான். ஆகவே மணி விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஒவ்வொரு பத்து மணிக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும், இழுத்தால் அறக் கூடாது, கழுவ முடிய வேண்டும். நோயாளிக்கான செபமாலைக்கு நாங்கள் பார்ப்பது இந்த நான்கைத்தான்.

வாங்கும் முன் எண்ணிப் பாருங்கள். சிலுவைக்கு மேலே ஒரு பெரிய மணி, மூன்று சிறிய மணி, மறுபடி ஒரு பெரிய மணி, பிறகு மெடல். மெடலிலிருந்து சுற்றில் ஐந்து பத்துகள், அவற்றுக்கு நடுவே நான்கு பெரிய மணிகள். சிறியவை 53, பெரியவை 6, ஆக 59. 53 மணி செபம் என்று நாம் சொல்லும் கணக்கு இதுதான். மலிவாக மொத்தத்தில் வரும் மாலைகளில் ஒரு பத்தில் ஒன்பதோ பதினொன்றோ இருப்பது உண்டு. நலமாக இருப்பவர் அதைச் சமாளித்துவிடுவார். கண் மூடிக் கிடப்பவருக்கு அந்த ஒரு மணி குழப்பிவிடும், தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

இனி வகைகள். கடைகளில் அதிகம் தொங்குவது கம்பியில் கோத்த கண்ணாடி மாலை. ஒவ்வொரு மணிக்கும் நடுவே ஒரு துண்டுக் கம்பி போய், இரு முனையும் வளையமாக மடிந்திருக்கும். அந்த வளையங்கள் பற்றவைத்தவை அல்ல, வெறுமனே வளைத்து விட்டவை. புடவை நூலிலோ போர்வையிலோ சிக்கி ஒரு இழுப்பு வாங்கினால் வளையம் வாய் திறந்துவிடும். அதிகம் அறுவது மெடலில்தான், ஏனென்றால் மூன்று கிளையின் எடையும் அங்கே சேர்கிறது. அடுத்தது துரு. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களில் உப்புக் காற்றுக்கு முலாம் பூசிய இரும்புக் கம்பி அதிக காலம் நிற்காது. வியர்க்கும் கைக்கு இன்னும் சீக்கிரம் போய்விடும். சிறு காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். இறுக ஒட்டினால் பெரும்பாலும் உள்ளே இரும்புதான். பித்தளைக் கம்பி துருப்பிடிக்காது, ஆனால் வியர்வை பட்டால் விரலில் பச்சைக் கறை விடும். நோயாளியின் தோலில் புதிதாக ஒரு நிறம் தெரிந்தால் வீடே பயந்துவிடும்.

வைத்திருக்கும் கம்பி மாலையைச் சரிசெய்ய மூக்குக்குறடு ஒன்று போதும். திறந்த வளையத்தைப் பக்கவாட்டில் திருகித் திறந்து, மாட்டி, அதே வழியில் திருகி மூட வேண்டும். அகட்டித் திறந்தால் வட்டம் கெட்டுவிடும், பிறகு எத்தனை முறை மூடினாலும் நிற்காது. இன்னொன்று சத்தம். இரும்புக் கட்டில் சட்டத்தில் கண்ணாடி மணி உரசும் ஒலி, இரவு இரண்டு மணிக்கு வார்டில் பக்கத்துக் கட்டில்காரரை எழுப்பிவிடும். அதற்குப் பயந்தே பல நோயாளிகள் இரவில் மாலையை எடுப்பதில்லை. அவர்களுக்கு அது தேவைப்படுவதோ இரவில்தான்.

கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் விற்கும் சிப்பி மாலைகள் கண்ணுக்கு அழகு, பயணம் வந்தவர்கள் நினைவாக எடுத்துப்போக நல்லவை. கட்டிலுக்கு ஆகாது. சிப்பியில் துளையிட்ட விளிம்பு கூர்மையானது, உள்ளே போகும் நூலை அதுவே நாளடைவில் அறுத்துவிடும்.

மரமணி கைக்கு இதமானது, எடை குறைவு, சத்தம் இல்லை. வீட்டில் இருக்கும் முதியவருக்கு 10 மில்லிமீட்டர் மரமணியைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சந்தனம், ரோஜா என்று வாசனை ஏற்றிய மரமணிகளைப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவரிடம் கொண்டுபோகாதீர்கள். அவர்களில் பலருக்கு வாசனை குமட்டலைக் கிளப்பும், செபமாலையை எடுத்தாலே வாந்தி வரும் நிலை ஆகிவிடலாம். வாசனை இல்லாத மரத்திலும் ஒரு குறை உண்டு. மழைக்காலத்தில் ஈரம் இழுத்துப் பூசணம் பிடிக்கும், சோப்புப் போட்டுக் கழுவ முடியாது.

யோபின் கண்ணீர் என்று பெயர் பெற்ற ஒரு புல்வகையின் விதைமணியிலும் செபமாலை கோப்பார்கள். அன்னை தெரேசாவின் சகோதரிகள் கையில் இருப்பது இந்த மணி. விதை இயற்கையிலேயே நடுவில் துளையோடு விளைகிறது, துளையிட வேண்டியதில்லை. வழவழப்பாக, கெட்டியாக, எடையே இல்லாமல் இருக்கும். எல்லாக் கடையிலும் இராது. கிடைத்தால் முடிச்சு நூலுக்கு அடுத்தபடியாக இதையே சொல்வோம்.

நூலில் கோத்த பிளாஸ்டிக் மாலை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதை யாரும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. கீழே விழுந்தால் கழுவலாம், தொலைந்தால் வருத்தமில்லை, ஸ்கேன் அறை வாசலில் கழற்றிக் கொடுத்துத் திரும்ப வராமல் போனாலும் இன்னொன்று வாங்கலாம். இருட்டில் ஒளிரும் ரேடியம் மாலை என்று விற்பதும் இந்த வகைதான், விளக்கணைத்த வார்டில் தேடி எடுக்க உதவும். குறை என்னவென்றால் மணி பெரும்பாலும் சிறிது. சர்க்கரை நோய் முற்றியவருக்கும், புற்றுநோய் மருந்தால் விரல்நுனி மரத்துப்போனவருக்கும் 5, 6 மில்லிமீட்டர் மணி தட்டுப்படவே படாது. அவர்கள் கண்ணால் பார்த்து எண்ண வேண்டியிருக்கும், சீக்கிரமே களைத்துவிடுவார்கள்.

பத்து முனைகள் கொண்ட விரல் மோதிரம் ஒன்றும் உண்டு. ஒரு கையில் குளுக்கோஸ் ஏறும்போது மறுகையால் மட்டும் செபிக்க அது ஏற்றது, டயாலிசிஸில் நாலு மணி நேரம் ஒரு கையை அசைக்காமல் வைத்திருப்பவர்களுக்கும் நல்லது. கை வீக்கம் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். விரலில் இறுகிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

முடிச்சு நூல் மாலைக்கு வருவோம். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள முறுக்கிய நைலான் நூல், ஆறரை மீட்டர் நீளம் இருந்தால் ஒரு முழு மாலை செய்யலாம். கடற்கரை ஊர்களில் இதற்கு நூல் தேடி அலைய வேண்டியதில்லை, வலைச் சாமான் விற்கும் கடையில் கேட்டாலே கிடைக்கும். ஆள்காட்டி விரலில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைச் சுற்றுகளுக்கு உள்ளே நுழைத்து, விரலிலிருந்து கழற்றி, இரு பக்கமும் மெல்ல இழுத்தால் பீப்பாய் வடிவில் ஒரு முடிச்சு விழும். அது அருள்நிறை மந்திரத்துக்கு. பெரிய மணிக்குச் சொல்லும் பரலோக மந்திரத்துக்கு ஐந்து சுற்று. அவசரமாக இழுத்தால் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கோணலாகும், பிறகு அவிழ்க்க முடியாது. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் விட வேண்டும், பெரிய முடிச்சின் இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர். புதிதாகச் செய்பவர்கள் கெடுப்பது இந்த இடைவெளியில்தான். நெருக்கிப் போட்டுவிட்டால் மாலை முழுதும் ஒரே கயிறாகக் கைக்குத் தெரியும். கடைசியில் நுனியைத் தீயில் லேசாகக் காட்டி உருக்கிவிட்டால் பிரியாது. மூன்று சுற்று முடிச்சு சிறியதாகத் தோன்றினால், விரல் மரத்தவருக்கு நான்கு சுற்றாகப் போடுங்கள்; நூல் எட்டு மீட்டராவது வேண்டியிருக்கும், பெரியதை ஆறு சுற்றாக்கிக்கொள்ளலாம்.

பருத்தி நூல் வேண்டாம். வியர்வையைக் குடித்து இறுகும், மழைக்காலத்தில் நாற்றம் பிடிக்கும். நைலானைச் சோப்புத் தண்ணீரில் அலசி உதறினால் சீக்கிரம் காய்ந்துவிடும். காயப்போடுவது நிழலில் இருக்கட்டும். வெயிலில் நாள்பட்டால் நைலான் இற்றுப்போகும் என்பது வலை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததே. சிலுவையும் மரத்தாலோ நூலாலோ ஆனதாக இருந்தால் மாலையில் உலோகமே இல்லை, எம்.ஆர்.ஐ. அறையில் அதனால் ஆபத்து இல்லை. ஆனாலும் அங்கே எதை உள்ளே விடுவது என்பதை அங்குள்ளவர்கள் சொல்படி விட வேண்டும். உலோகச் சிலுவை வைத்த மாலையை ஒருபோதும் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

எந்த மாலையாக இருந்தாலும், நினைவு தடுமாறும் நோயாளியின் கழுத்தில் போட்டுவிடாதீர்கள். மூச்சுக்குழாய் வைத்தவர், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருப்பவர் கழுத்திலும் வேண்டாம். மணிக்கட்டில் தளர்வாக ஒரு சுற்று போதும், ஊசி ஏறாத கையில். செபம் என்றால் மெழுகுதிரி என்று நமக்குப் பழக்கம். ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே, அது வீட்டுச் சிலிண்டராக இருந்தாலும், மெழுகுதிரியோ ஊதுவத்தியோ ஏற்றவே கூடாது. தீ பிடித்தால் நொடியில் பரவும்.

ஐந்து பத்துகளும் சொல்ல இருபது நிமிடம் ஆகும். மூச்சு வாங்கும் இருதய நோயாளியால் அது முடியாது, முடியவில்லையே என்ற குற்ற உணர்வும் சேரும். பிரித்துவிடுங்கள். காலையில் ஒரு பத்து, மருந்துக்குப் பின் ஒரு பத்து என்று ஒரு நாளில் ஐந்தும் முடிந்தால் போதும், ஒன்றே முடிந்தாலும் போதும். முதல் பாதியைப் பக்கத்தில் இருப்பவர் சொல்ல, "தூய மரியே" என்று தொடங்கும் பிற்பாதியை நோயாளி முணுமுணுக்கட்டும். வயதானவர்கள் சிறுவயதில் படித்த பழைய வாசகத்தைத்தான் சொல்வார்கள். அவர்களைத் திருத்தாதீர்கள், நீங்கள் அவர்கள் வாசகத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பெயரையே மறந்த முதியவர்கள்கூடப் பழைய வாசகம் காதில் விழுந்தால் கூடச் சேர்ந்து சொல்வது உண்டு. கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுவதைவிட வீட்டாரின் தணிந்த குரல் மேல், பதிவின் வேகத்துக்கு நோயாளியால் ஈடுகொடுக்க முடியாது. "எங்கள் இறப்பின் வேளையிலும்" என்ற இடம் வரும்போது சிலர் குரலை விழுங்கிவிடுகிறார்கள். விழுங்க வேண்டாம். கட்டிலில் இருப்பவர் அந்த வரியை உங்களைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருப்பார், அதைக் கூடச் சொல்ல ஒரு துணை அவருக்கு வேண்டும்.

ஒவ்வொரு பத்திலும் நினைத்துப் பார்க்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சியைத்தான் மறைபொருள் என்கிறோம். எந்த மறைபொருளைச் சொல்வது என்று கேட்பார்கள். செவ்வாயும் வெள்ளியும் துயர மறைபொருள், திங்களும் சனியும் மகிழ்ச்சி, புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் மறைபொருள்களைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-இல் சேர்த்தார். நோயாளிக்கு இந்தக் கிழமைக் கணக்கு கட்டாயமில்லை. துயரத்தின் முதல் மறைபொருளான கெத்சமனி ஒன்றையே பலர் நாள் தவறாமல் பிடித்துக்கொள்கிறார்கள், அது சரியான தேர்வு என்பது எங்கள் கருத்து. அங்கே இயேசு இந்தக் கிண்ணம் தன்னைவிட்டு அகலட்டும் என்று மூன்று முறை கேட்டார். வலி போக வேண்டும் என்று கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைத்துக் கூசுபவர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும்.

முறையிடவும் கூசாதீர்கள். சிலுவையைப் பிடித்து, செபமாலையின் தொடக்கமான விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லத் தொடங்கும் முன், நோயாளி தன் சொந்தச் சொல்லில் தன் வலியைச் சொல்ல ஒரு நிமிடம் விடுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தையே சொல்லட்டும். யோபு தான் பிறந்த நாளையே சபித்தவர். அந்த நூலின் கடைசி அதிகாரத்தில் ஆண்டவர், தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்கிறார், அறிவுரை சொல்ல வந்த நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார். குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், கால்நடையும் விளைச்சலும் அழிந்து நொந்துபோயிருந்த நட்டாலம் நீலகண்டனுக்குச் சொன்னதும் யோபின் கதையைத்தான். நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் அடக்கம் செய்யப்பட்டது கோட்டாறு சவேரியார் பேராலயத்தில். இங்கே நோயாளிக்கு வாங்கும் செபமாலையை அந்தக் கல்லறையில் தொட்டு எடுத்துவருவதில் காரணம் இருக்கிறது: துன்பத்தில் கடவுளைத் தேடிய ஒருவரை நம் மண்ணிலேயே வைத்திருக்கிறோம்.

மந்திரிப்பது, அதாவது சாமியார் செபித்து ஆசீர்வதிப்பது, வாங்கிய பிறகுதான். ஏற்கெனவே மந்திரித்தது என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் அங்கே வாங்காதீர்கள். எந்தப் பங்குச் சாமியாரும் ஒரு நிமிடத்தில் மந்திரித்துத் தருவார். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயிற்பூசுதலுக்கு அவர் வரும்போதே செய்துகொள்ளலாம். மந்திரிக்க நேரம் இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம், செபத்தை உடனே தொடங்குங்கள்.

கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகளுக்கு வேறு வகை மாலை தேவை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்கள் எப்படிக் காத்துக்கிடந்தன என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட செபத்தில் கூட்டம் பெரிது, நேரம் நீளம், முன்சொல்பவர் தொண்டை கட்டி ஆள் மாறிக்கொண்டே இருப்பார். முன்சொல்பவருக்கு 12 மில்லிமீட்டர் மரமணி மாலை ஒன்றைப் பொதுவாக வைத்து, அதையே கைமாற்றினால் எந்தப் பத்தில் நிற்கிறோம் என்பது தவறாது. ஆளாளுக்குத் தன் மாலையில் எண்ணினால் மூன்றாவது பத்துக்குள் கணக்குப் பிரிந்துவிடும். மகனை இழந்த தாய்மாருக்கு, மாதாவின் ஏழு துயரங்களை நினைக்கும் வியாகுல மாதா செபமாலையைச் சொல்வோம். அது ஏழு ஏழாக 49 மணி, முடிவில் மூன்று. சாதாரண மாலையில் அதைச் சொல்ல முயன்றால் பத்தாவது மணி வரை கை தானாகப் போய்விடும், தனி மாலையே வாங்குங்கள்.

நேர்ச்சையாக உபவாசம் எடுக்கும் சர்க்கரை நோயாளி இன்சுலினையோ உணவையோ தன் இஷ்டத்துக்கு விடக் கூடாது, முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். முழங்கால் வலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தே சொல்லலாம். துயரத்தில் இருப்பவர் சாவைப் பற்றியே பேசத் தொடங்கினால் செபமாலையை மட்டும் கையில் கொடுத்து நகர்ந்துவிடாதீர்கள். கூடவே இருங்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். செபத்துக்கும் மருத்துவத்துக்கும் நம் ஊரில் பகை இருந்ததில்லை.

அறுந்து சரிசெய்ய முடியாமல் போன மந்திரித்த மாலையைக் குப்பையில் போடாதீர்கள். எரித்துவிடலாம், அல்லது கால்படாத இடத்தில் புதைக்கலாம். நைலானும் பிளாஸ்டிக்கும் புகை கிளப்பும் என்பதால் அவற்றைப் புதைப்பது நல்லது. நோயாளி இறந்துபோனால் கையில் செபமாலை வைத்து அடக்கம் செய்வது வழக்கம். அவர் கடைசிவரை எண்ணிய மாலையை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசை இருந்தால் அதை முன்பே எடுத்துவைத்துவிட்டு இன்னொன்றைக் கையில் வையுங்கள், பெட்டி மூடிய பிறகு கேட்க முடியாது. குணமாகி வீடு திரும்பினால் அந்த நைலான் மாலையை நன்றாக அலசி, அதே வார்டில் இருக்கும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு வரலாம்.